கடைசிப் பிள்ளை ஏறும் வரை

பிள்ளையின் அப்பா என்னை மிரட்டுவதெல்லாம் போனில் குரல் பதிவாகத்தான் வரும். எழுதி அனுப்ப மாட்டார். லோரி ஓட்டுகிறவர். கை ஸ்டியரிங்கில் இருக்கும், வாய் சும்மா இருக்கும்.

போர்ட் கிளாங்கில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு சுபாங் ஜெயா பக்கம் போவார். ஜாமில் மாட்டினால் என் ஞாபகம் வரும். "ஏய், உன்ன என்னா பண்றேன் பாரு" என்று ஆரம்பிப்பார். பின்னால் யாராவது ஹார்ன் அடிப்பார்கள். "ஆ, போறேன்லா, போறேன்லா!" என்று வெளியே பார்த்துக் கத்துவார். பதிவு அங்கேயே முடிந்துவிடும். என்ன பண்ணப் போகிறார் என்று தெரிய நான் அடுத்த ஜாம் வரை காத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தும் அனுப்புவார். அது நீளமாக வரும்.

நான் பதில் போடுவதில்லை. எனக்குப் பேச்சு குறைவு. எஸ்டேட் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டிய வேலை எதுவும் அமையவில்லை. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவருக்கு என் மேல் இருந்த பெரிய குறையே அதுதான். "இவ வாயில என்னா, பூட்டா?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பார்.

அவர் பந்திங்கில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நானும் மகளும் கிளாங்கில் எங்கள் பிளாட்டிலேயே இருந்தோம். அவளுக்கு அப்போது மூன்றாம் ஆண்டு. விவாகரத்தில் எங்களுக்குள் தகராறு இல்லை. பிள்ளை யாரிடம் என்பதுதான் வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வந்து அழைத்துப் போவார், மாலையில் கொண்டுவந்து விடுவார். மாலை என்றால் அவருடைய மாலை. இருட்டியிருக்கும்.

என் லாயர் ஒரு சின்னப் பெண். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே மாடியில் ஆபீஸ். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரெண்டே விஷயம் அக்கா. அவர் அனுப்பறது எதையும் அழிக்காதீங்க. எதுக்கும் பதில் போடாதீங்க."

"சரி."

"கஷ்டமா இருக்கும். கோபம் வரும். ஏதாவது சொல்லணும்னு தோணும்."

"தோணாது."

இத்தனை வருடம் வீட்டில் குறையாக இருந்தது பிரிக்பீல்ட்ஸில் மாடி ஏறியதும் புத்திசாலித்தனமாகிவிட்டது.

மிஸ் எல்லாப் பதிவுகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தை மாற்றாமல் எழுதுவார். ஒரு இடத்தில் நிறுத்தினார். அந்தப் பதிவில் பிள்ளையின் அப்பா, "உன்ன ரோட்டுல நிக்க வைக்கிறேன் பாரு. பாஸ், நல்லா ஸ்ட்ராங்கா! இந்தத் தடவ விட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

"இந்த பாஸ் யாரு? ஆள் வச்சிருக்காரா?"

"டீ போடறவரு மிஸ்."

மிஸ் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரும்பி, சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"சிரிப்பா இருக்கலாம் அக்கா. ஆனா ஒன்னு ஞாபகம் வச்சிக்குங்க. பிள்ளை இப்ப எங்க இருக்கு, எந்தப் பள்ளிக்குப் போகுது, யாரு பாத்துக்கறாங்க, இதத்தான் கோர்ட் முதல்ல பாக்கும். அவர் திடீர்னு பிள்ளையத் தூக்கிட்டுப் போயி பந்திங்ல ஒரு பள்ளியில போட்டுட்டார்னு வைங்க. திருப்பிக் கொண்டு வர்றதுக்கு நாம மாசக்கணக்குல அலையணும். அதுக்குள்ள பிள்ளை அங்க பழகிடும். அது மட்டும் நடக்கக் கூடாது."

அன்று ரயிலில் கிளாங் திரும்பும்வரை அந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. பழகிடும்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குத்தான். எங்கள் பள்ளிக்கு முன்னால் இருப்பது ஒரு சந்து. ஒரு பக்கம் பள்ளிச் சுவர், இன்னொரு பக்கம் ஆள் இறங்கும் ஆழத்துக்கு லோங்காங், சாக்கடைக் கால்வாய். ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில்தான் வெளியே வரலாம். ஒரு வண்டி இன்னொன்றை முந்த முடியாது. மத்தியானம் பள்ளி விடும் நேரத்தில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நிற்கும்.

இந்த வரிசைக்கு ஒரு தலைவர் உண்டு. யாரும் அவரை நியமிக்கவில்லை. எங்களில் மூத்தவர், கழுத்தில் ஒரு விசில் தொங்கும். விசில் அங்கிள் என்போம். முன்பு ஒரு தடவை ஒரு வேன் அவசரத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளை கேட்டில் காவல் இருக்கும் ஜாகாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய சோற்றைப் பாதி தின்று தீர்த்தது. அன்றிலிருந்து அங்கிள் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஏறியதும் அவர் வரிசையில் நடந்து வருவார். ஒவ்வொரு வேனிலும் "ஃபுல்லா?" என்று கேட்பார். எல்லா வேனும் "ஃபுல்" என்று சொன்ன பிறகுதான் விசில். விசில் அடித்தால்தான் முதல் வேன் நகரும். எந்த வேனில் ஒரு பிள்ளை குறைந்தாலும் லைன் நகராது. வயிறு கலக்கிக் கழிவறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்காக மொத்தச் சந்தும் வெயிலில் நின்றிருக்கிறது.

என் வேனில் எண்ணுவது மகளின் வேலை. என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பி விரலை நீட்டி எண்ணுவாள். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுத் தன்னை எண்ணிக்கொள்வாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் "ஃபுல்" என்பேன்.

எனக்குப் பின்னால் எப்போதும் நிற்பது ஒரு ஆன்டியின் வேன். பிள்ளைகளையும் ஏற்றுவார், உள்ளே கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப்பும் விற்பார். பள்ளிச் செய்தி, பள்ளிக்கு வெளியே உள்ள செய்தி எல்லாம் அந்தக் கரிபாப்போடு சேர்ந்து வரும். என்னைப் பற்றிய செய்தி மட்டும் அவரிடம் இல்லை. நான் கொடுக்கவில்லை.

அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. பள்ளி விடக் கொஞ்ச நேரம் இருந்தது. போனில் பதிவு வந்தது. கேட்கலாம் என்று அழுத்தினேன். மகள் பாட்டுக் கேட்பதற்காக என் போனை வேனின் ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்திருந்தாள். நான் அதை மறந்துவிட்டேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"ஏய்! கேட்டுக்க!" என்று வேன் கத்தியது. "வர்ற வெள்ளிக்கிழம பள்ளி விட்டதும் என் பிள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன்! பந்திங்ல எங்க அக்கா வீட்டுல விட்டு அங்கயே பள்ளியில போடறேன்! நீ கேட்டுல நின்னு வாயப் பொளந்து பாத்துக்கிட்டே இரு! பாஸ், ரொட்டி ஒன்னு, குழம்பு தனியா! உன்னால ஆனதப் பாரு!"

நான் போனை அணைக்கப் பார்த்தேன். கை வழுக்கி சத்தத்தைக் கூட்டிவிட்டது. கடைசி வார்த்தை பள்ளி மணி போலக் கேட்டது.

முன்னால் நின்ற வேன்காரர்கள் கதவைத் திறந்து இறங்கினார்கள். ஆன்டி கரிபாப் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"யாரும்மா அது?"

"பிள்ளையோட அப்பா."

"எத்தன நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"சொல்றதில்லயா? வாயில என்னா, பூட்டா?"

அதே கேள்வி. வேறு ஆள்.

விசில் அங்கிள் வந்து நின்றார். "என்னா காடி அவருக்கு?"

"வேணாம் அங்கிள். நான் பாத்துக்கறேன்."

"என்னா காடின்னு கேட்டேன்."

"வெள்ளை. சின்னது."

"ஆள் எப்படி?"

"மீச. கறுப்புக் கண்ணாடி."

"வெள்ளிக்கிழம வரட்டும்," என்றார் அங்கிள். விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டு நான் பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மிரட்டல் வந்தால் போலீஸில் ரிப்போர்ட் போட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நம் ஊரில் எதற்கும் ரிப்போர்ட் போடுவார்கள். நாய் காணவில்லை என்றாலும் போடுவார்கள். அங்கே ஒரு மலாய்க் கார்ப்பரல். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லாகி, கக்கா?"

மறுபடியுமா அக்கா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் சொல்லச் சொல்லத் தட்டினார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். என் வீட்டுக்காரரும் போன வாரம் வந்து என் மேல் ஒரு ரிப்போர்ட் போட்டிருக்கிறார். என்ன புகார் என்று கேட்டேன். கார்ப்பரல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்க பதிலே போட மாட்டேங்கறீங்களாம்," என்றார் மலாயில். "அவருக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருக்காம்."

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது ஜடை கோணலாகிவிட்டது. பிரித்துப் பின்னினேன். மறுபடியும் கோணல். "என்னாம்மா?" என்றாள். "ஒன்னுமில்ல," என்றேன். அப்பா வந்து கூப்பிட்டால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு அப்பா என்றால் ஆசை. அந்த ஆசையைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

மத்தியானம் சந்தில் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆன்டி கரிபாப் அதிகமாகப் பொரித்திருந்தார். கூட்டம் வரும் என்று எதிர்பார்த்தாராம். நான் என் வேனில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பின்னால் விசில் சத்தம். ஓடினேன்.

சுவர் ஓரமாக ஒரு வெள்ளைக் கார். அதற்கு முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு வேன், முட்டுகிற மாதிரி. உள்ளே மீசை வைத்த ஒருவர், கறுப்புக் கண்ணாடியோடு. ஆன்டி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பொண்டாட்டிய மிரட்டறது நல்லாவா இருக்கு அண்ணே?"

அந்த மனிதர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "யாரு சொன்னா? நான் எங்க மிரட்டறேன்? அவதான் என்னை மிரட்டுவா. யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

நான் குனிந்து பார்த்தேன். "இவர் இல்ல," என்றேன்.

அவர் கல்வி இலாகா அதிகாரி. பள்ளியைப் பார்வையிட வந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கிள் ஜன்னல் வழியே கையை நீட்டிக் குலுக்கினார். "சாரி பாஸ். பாதுகாப்பு ஏற்பாடு. பரிசோதனைதான்." அதிகாரி நல்ல ஏற்பாடு என்று சொன்னார். வேறென்ன சொல்வார். ஆனால் காரை அசைக்க முடியவில்லை, ஒரு வேனில் இன்னும் பிள்ளை குறைந்தது. அவர் வெயிலில் உட்கார்ந்து கரிபாப் சாப்பிட்டார். முன்பின் தெரியாத ஆன்டியிடம் தன் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொன்னார்.

பிள்ளையின் அப்பா அன்று வரவே இல்லை.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன நாளில் அவர் எதையும் செய்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கே நல்ல நேரம் முடிகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை வந்தார்.

அன்று ஆன்டியின் அடுப்பில் ஏதோ கோளாறு. வரத் தாமதமாகிவிட்டது. எனக்குப் பின்னால் அவருடைய இடம் காலியாக இருந்தது. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பள்ளி விட்டது. நான் வேனின் பக்கக் கதவில் நின்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளின் பை அவர்களைவிடக் கனம். ஏற்றி முடித்து முன் பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தேன். மகளின் சீட் காலி.

கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார், உள்ளே அவர். கறுப்புக் கண்ணாடி. பக்கத்து சீட்டில் என் மகள், கையில் ஐஸ்கிரீம். அவளுடைய ரோஸ் நிறப் பை டாஷ்போர்டு மேல் இருந்தது.

ஜாகாவைக் குறை சொல்ல முடியாது. அப்பா வந்து கூப்பிட்டால் பிள்ளை ஓடத்தான் செய்யும். கேட்டைத் திறக்கத்தான் செய்வார்கள்.

என் போன் அதிர்ந்தது. பின்னால் இருந்துதான். கண்ணாடியில் தெரிந்தது, போனை வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். நான் அதை எடுத்துக் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இறங்கினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளைக்கு முன்னால் சண்டை போடக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதற்குள் ஆன்டியின் வேன் வந்து வெள்ளைக் காருக்குப் பின்னால் நின்றது. அவர் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. அது அவர் நிற்கிற இடம், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வேன்கள் வந்து ஒட்டின.

அங்கிள் வரிசையில் நடந்து வந்தார். என்னிடம் வந்தார்.

"ஃபுல்லா?"

"ஒன்னு குறையுது."

அங்கிள் என் முன் சீட்டைப் பார்த்தார். பின்னால் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சந்தின் நடுவில் போய் நின்று கையை உயர்த்தினார்.

"ஒன்னு குறையுது! லைன் நகராது!"

வெள்ளைக் கார் ஹார்ன் அடித்தது. அங்கிள் நிதானமாக அதன் ஜன்னலுக்குப் போனார்.

"என்னா பாஸ்?"

"முன்னாடி அந்த வேன எடுக்கச் சொல்லுங்க அண்ணே. அவசரமா போகணும்."

"முடியாதே பாஸ். ஒரு பிள்ளை இன்னும் ஏறல."

"எந்தப் பிள்ளை?"

"அதான் தேடிக்கிட்டு இருக்கோம்."

மகள் ஐஸ்கிரீமை வாயிலிருந்து எடுத்தாள். "நான்தான் அங்கிள்."

"நீ இரு பாப்பா. நீ காடியில இருக்க. நான் வேன்ல ஏறாத பிள்ளையத் தேடறேன்."

பிள்ளையின் அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கிண்டலா? என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு என்னா?"

"ஒன்னுமே இல்ல பாஸ். தாராளமா கூட்டிட்டுப் போங்க. லைன் நகர்ந்ததும் போங்க."

"லைன் எப்ப நகரும்?"

"பிள்ளை ஏறினதும்."

அவர் ஆன்டியின் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் பின்னால போங்க ஆன்டி!"

"எனக்குப் பின்னாடி பாருங்க தம்பி. நான் எங்க போறது, லோங்காங்லயா?"

"போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. இல்லன்னா நடந்தே போகலாம், பாலாய் பக்கம்தான். கரிபாப் ஒன்னு சாப்பிட்டுப் போறீங்களா? இன்னைக்கு லேட்டு, அதனால சூடா இருக்கு."

வெயில் ஏறியது. வேன்களில் பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ஒரு பிள்ளை அழுதது. வேன்காரர்களின் போன்கள் அடித்தன. வீட்டில் காத்திருக்கும் அம்மாக்கள். "ஆ அக்கா, கொஞ்சம் லேட்டாகும். ஒரு பிள்ளை இன்னும் ஏறல" என்று ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறைகிற பிள்ளை எங்கே இருக்கிறது என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை குறைந்தது, நின்றார்கள்.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

காருக்குள் என்ன பேசினார்கள் என்பதை மகள் பிறகு சொன்னாள். "நான் ஏறாம லைன் நகராதுப்பா" என்றாளாம். பேசாம இரு என்றாராம். "ஒன்னாம் ஆண்டுப் பிள்ளைங்களுக்குப் பசிக்கும்பா. அழுவாங்க." அவர் ஸ்டியரிங்கைத் தட்டினாராம். "அம்மா என்னை எண்ணாம போக மாட்டாங்க. நாளைக்கு வரைக்கும் நிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்போல. கார்க் கதவு திறந்தது.

அவர் இறங்கினார். சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். ரோஸ் நிறப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெரிய உடம்பு அவருக்கு. அதில் அந்தப் பை ஒரு பொம்மை போலத் தொங்கியது. அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு என் வேன் வரை வந்தார். தூக்கி சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அங்கிள், கதவ வேகமா சாத்துங்க," என்றது ஒன்று. "லூசு கதவு."

சாத்தினார். ஒழுங்காக மூடவில்லை. திறந்து மறுபடியும் சாத்தினார்.

என்னைப் பார்த்தார். "இன்னைக்கு விடறேன். கோர்ட்டுல பாத்துக்கறேன்."

"சரி," என்றேன்.

மகள் திரும்பி விரலை நீட்டி எண்ணினாள். கடைசியில் நெஞ்சைத் தொட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி எனக்கு முன்னால் அவளே கத்தினாள், "ஃபுல்!" அங்கிள் விசில் அடித்தார். அவ்வளவு நீளமாக அவர் அடித்து நான் கேட்டதில்லை.

முனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக் கார் பின்னாலேயே வந்தது. அவர் வாயில் கரிபாப். பெரிய ரோடு வந்ததும் அவர் பந்திங் பக்கம் திரும்பினார், நான் இந்தப் பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினேன். டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கினேன். டயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். பிள்ளைகள் கூப்பிட்ட பிறகு எழுந்தேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

பின்னால் இருந்து அவர் அனுப்பிய பதிவை மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் மிஸ்ஸோடு உட்கார்ந்துதான் கேட்டேன். "ஏய், கண்ணாடியில பாரு. சொன்னேனா இல்லயா? பிள்ளை என்கிட்ட இருக்கு. வழிய விடு. வேன எடுக்கறியா இல்லயா? யாருடி இந்தக் கிழவன் விசில மாட்டிக்கிட்டு?" அதற்கு மேல் மகளின் குரல். "அப்பா, ஐஸ் உருகுது. துணி இருக்கா?"

மிஸ் பேனாவை எடுத்தார். "இது போதும் அக்கா. தூக்கிட்டுப் போகப் பாத்தாருன்னு நல்லா நிரூபிக்கலாம்."

"ஆமா மிஸ். தூக்கப் பாத்தாரு. அப்புறம் அவரே கொண்டாந்து ஏத்தினாரு."

"அத நாம சொல்ல வேணாம். அவங்க லாயர் சொல்லிக்கட்டும்."

"நடந்தது அதுதானே."

மிஸ் என்னைப் பார்த்தார். "நீங்க பேசறதே நாலு வார்த்தை. அதுல ரெண்டு அவருக்கா?"

மிஸ் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

வழக்கு நாளன்று கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர். லாயர்கள் இருவரும் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ரொம்ப நேரம் கால் மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் திருப்பிக் கொண்டாந்து விட்டத நீயே எழுதச் சொன்னியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"விட்டீங்க. அதான்."

அவர் அதற்குப் பிறகு கால் மாற்றவில்லை. எழுந்து தன் லாயரிடம் போனார். அன்றே பேசி முடித்தார்கள். ஜட்ஜ் முன்னால் இருவரும் சம்மதம் சொன்னோம். பிள்ளை என்னோடு இருக்கும். பள்ளி மாறாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து அவர் அழைத்துப் போவார், ஞாயிறு மாலை விடுவார். மிரட்டிப் பேசிப் பதிவு எதுவும் அனுப்பக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவர் தன் லாயரிடம் குனிந்து ஏதோ கேட்டார். வெளியே வந்ததும் மிஸ் எனக்குச் சொன்னார். "அப்ப சாதாரணமா பேசி அனுப்பலாமான்னு கேட்டாராம்."

முதல் வெள்ளிக்கிழமை. அங்கிள் அவருக்கு வரிசையில் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார், எனக்கு நேர் முன்னால். லேட்டாகத்தான் வந்தார். என்னையும் எனக்குப் பின்னால் நின்ற வேன்களையும் சந்துக்கு வெளியே வரை பின்னால் எடுக்கச் சொல்லி அங்கிள் அவரை உள்ளே விட்டார். விசிலாலேயே திட்டினார்.

மகள் முதலில் என் வேனுக்கு வந்தாள். வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகப் பிள்ளைகளை எண்ணினாள். தன்னை எண்ணவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வெள்ளைக் காரில் போய் ஏறினாள். ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அங்கிள் நடந்து வந்தார். என் பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஃபுல்லா?"

"ஃபுல்," என்றேன்.

அவர் உடனே போகவில்லை. கதவின் மேல் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு போய் விசில் அடித்தார்.

முன்னால் இருந்த வேன்கள் நகர்ந்தன. வெள்ளைக் கார் மட்டும் நகரவில்லை. பார்த்தால், அவர் போனை வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். என் போன் அதிர்ந்தது. ஆன்டி பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார். நான் பதிவை அழுத்தினேன். ஸ்பீக்கரிலேயே வந்தது.

"ஏய்," என்றது வேன். குரல் இறங்கியிருந்தது. "அவ ராத்திரிக்கு என்னா சாப்பிடுவா? முன்ன மாதிரியேதானா, இல்ல மாறிடுச்சா?"

அவருக்கு நான் பதில் போட்டதே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்திப் பேசுவது என்று பின்னால் இருந்த பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனை வாயருகே வைத்தேன்.

"எல்லாம் சாப்பிடுவா. காடிய எடுங்க, லைன் நிக்குது."